பழைய வீட்டுக் கணினியில் எஸ்டி கார்டும் இணையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டு மேசைமேல் எப்போதும் யாருடைய பழைய கணினியாவது திறந்து கிடக்கும். கமடோர் 64, அமிகா 500, ஆப்பிள் 2-ஐப் பார்த்துச் செய்த பெயரில்லாத நகல், ஐபிஎம் எக்ஸ்டி வகைப் பழைய பீசி ஆகியவைதான் அதிகம் வரும். "அப்பா வாங்கினது, தூக்கிப் போட மனசு வரல அண்ணே. எஸ்டி கார்டு போட முடியுமா, வைஃபை வருமா?" என்று கேட்பார்கள். இரண்டும் முடியும். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பிடிவாதம் பிடிப்பது இரண்டு விஷயத்தில்தான். புதிதாக எதையும் சேர்க்கும் முன் பழையதில் இருப்பதைப் பிரதி எடுத்துவிட வேண்டும். சேர்ப்பது எதுவானாலும் நாளைக்குக் கழற்றி, கணினியைப் பழையபடி ஆக்க முடிய வேண்டும்.

எஸ்டி கார்டு கருவி வாங்கியாச்சு. முதலில் என்ன செய்வது?

கணினிக்கு இன்னும் சுவிட்சைப் போடாதீர்கள். முதலில் பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும். கமடோர் 64-இன் பழைய பவர் சப்ளை 5 வோல்ட் நேர்மின்சாரமும் 9 வோல்ட் மாறுமின்சாரமும் தரும். உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் சூடு வெளியேற வழியில்லை. அதிலுள்ள ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட் மேலே ஏறி ரேம் சில்லுகளைக் கருக்கிவிடும். இன்று மல்டிமீட்டரில் சரியாகக் காட்டுகிற சப்ளை அடுத்த வாரம் ஏறலாம். அதனால் "அளந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு" என்பது எனக்குப் போதாது. இந்தக் கணினிக்கென்று புதிதாகச் செய்து விற்கும் சப்ளையை வாங்கிவிடுங்கள்.

அடுத்தது பேட்டரி. அமிகா 500-இன் அடியில் சொருகும் கூடுதல் நினைவக அட்டையிலும், அமிகா 2000-இலும், பல 386 பீசி போர்டுகளிலும் உருளை வடிவச் சின்ன பேட்டரி ஒன்று பற்றவைத்திருக்கும். அது கசிந்தால் செம்புத் தடங்களை அரித்துவிடும். நம் ஊர் ஈரக் காற்றில் விட்டுவைத்தால் சேதம் பரவிக்கொண்டே போகும். இதை மட்டும் தயங்காமல் வெட்டி எடுங்கள். கசிந்த இடத்தில் கொஞ்சம் வினிகர் தடவி, பிறகு தண்ணீராலும் ஆல்கஹாலாலும் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

லண்டனில் படித்தபோது வாங்கி வந்த கமடோர். படம் வருகிறது, சத்தம் வரவில்லை. பழுதா?

இல்லை. பிரிட்டன், மலேசியா இரண்டு நாட்டிலும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைதான், ஆனால் ஆன்டெனா வழியில் ஒலி ஏறும் அலைவரிசை வேறு. பிரிட்டனில் படத்திலிருந்து 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, இங்கே 5.5. ஆன்டெனா வயரை விட்டுவிட்டு ஏவி கேபிள் போடுங்கள், சத்தம் வரும். பிளக் அதே மூன்று முள் என்பதால் அதில் தொல்லை இல்லை.

பழைய ஃபிளாப்பிகளை முதலில் பிரதி எடுக்கச் சொல்கிறீர்களே, அவ்வளவு அவசரமா?

அவசரம்தான். இந்த ஊரில் ஃபிளாப்பிக்குப் பெரிய எதிரி பூஞ்சை. அலமாரியில் பெட்டியோடு இருந்தாலும் காந்தத் தட்டின்மேல் வெள்ளைப் புள்ளியாக வளர்கிறது. ஒரு மழைக்காலம் தள்ளிப் போட்டால் இன்னும் சில தட்டுகள் போய்விடும். எஸ்டி கார்டு கருவி அடுத்த வருடமும் கடையில் கிடைக்கும். உங்கள் அக்கா பள்ளியில் படிக்கும்போது எழுதிய கதை அந்த ஒரு தட்டில் மட்டும்தான் இருக்கிறது.

இதற்குச் சிறந்த வழி கிரீஸ்வீசல் என்ற சின்ன அட்டை. கீர் ஃபிரேசர் வடிவமைத்தது. சாதாரணப் பீசி ஃபிளாப்பி டிரைவை யுஎஸ்பி வழியாக மடிக்கணினியோடு இணைத்து, தட்டில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும். கோப்பு முறை எதுவென்று அதற்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. அதனால் அமிகா தட்டும் ஆப்பிள் தட்டும் ஒரே கருவியில் அடங்கும். 5.25 அங்குலத் தட்டுக்கு மட்டும் அந்த அளவு டிரைவ் வேண்டும். கமடோரின் 1541 டிரைவ் நல்ல நிலையில் இருந்தால் சூம்ஃபிளாப்பி அட்டை வழியாக அதையே மடிக்கணினியில் மாட்டலாம்.

ஆப்பிள் 2 வைத்திருப்பவர்களுக்கு ஒரு பைசா செலவில்லாத வழியும் உண்டு. ஏடிடி புரோ என்ற இலவச மென்பொருள், கணினியின் கேசட் துளைகளுக்கும் மடிக்கணினியின் ஒலித் துளைகளுக்கும் நடுவே சாதாரண ஆடியோ வயர் போட்டு, 140 கிலோபைட் தட்டு முழுவதையும் ஒலியாகவே அனுப்பிவிடும். மெதுவாகத்தான் போகும். போகட்டும், அதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம்.

ஃபிளாப்பியில் பூஞ்சை இருக்கிறது. ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. பூஞ்சை படிந்த தட்டு டிரைவின் தலையில் அழுக்கை ஏற்றும். அந்தத் தலை அடுத்துப் போடும் நல்ல தட்டையும் கீறும். தட்டின் நீள்வட்டத் திறப்பை வெளிச்சத்தில் பிடித்து, மெல்லச் சுழற்றி, முழுவதையும் பாருங்கள். புள்ளி தெரிந்தால் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். அதிகமாக இருந்தால், உறையின் ஓரத்தைப் பிரித்து உள்ளிருக்கும் வட்டை மட்டும் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, வேண்டாத ஒரு தட்டின் சுத்தமான உறைக்குள் வைத்துப் படிக்கலாம். ஒவ்வொரு தட்டு முடிந்ததும் டிரைவின் தலையைத் துடைக்க வேண்டும். பொறுமை இல்லாத நாளில் இந்த வேலையில் கைவைக்காதீர்கள்.

கமடோர் 64-க்கு எஸ்டி2ஐஇசி நல்லதா, பை1541 நல்லதா?

இரண்டும் எஸ்டி கார்டைக் கமடோருக்கு ஃபிளாப்பி டிரைவ் போலக் காட்டுபவை. எதற்கு என்பதைப் பொறுத்தது. 1541 வெறும் டிரைவ் இல்லை. அதற்குள் தனியாக ஒரு 6502 செயலியும் 2 கிலோபைட் ரேமும் இருக்கின்றன. அதுவே ஒரு கணினி. டிரைவ் ரொம்ப மெதுவாக ஓடியதால், விளையாட்டு எழுதியவர்கள் தங்கள் சொந்த நிரலை டிரைவின் செயலிக்குள்ளேயே அனுப்பி வேகத்தைக் கூட்டினார்கள். எஸ்டி2ஐஇசி கருவியில் அந்த 6502 கிடையாது. தனக்குத் தெரிந்த சில வேகமுறைகளை மட்டும் அடையாளம் கண்டு நடிக்கும், மற்றவற்றில் நின்றுவிடும். நீங்கள் எழுதிய பேசிக் நிரல்களையும் கடிதங்களையும் ஒரு தட்டில் அடங்கும் எளிய விளையாட்டுகளையும் வைத்துக்கொள்ள அதுவே போதும். விலையும் குறைவு.

பை1541 என்பது ராஸ்பெரி பை 3-ஐக் கொண்டு 1541 முழுவதையும், அந்தச் செயலி உட்பட, கடிகாரத் துடிப்புக்குத் துடிப்பு பிசகாமல் ஓட்டிக் காட்டும் திட்டம். தட்டு மாற்றிப் போடும் பெரிய விளையாட்டுகள் இதில் ஓடும். ஆனால் ராஸ்பெரி பையின் கால்கள் 3.3 வோல்ட், கமடோரின் கம்பி 5 வோல்ட். நடுவில் மின்னழுத்தம் மாற்றும் சின்ன அட்டை இல்லாமல் நேராக இணைக்காதீர்கள்.

இரண்டுமே பின்னால் வெளியில் மாட்டுபவை. ஒரு திருகைக்கூடத் திறக்க வேண்டாம் என்பதால் எனக்குப் பிடிக்கும்.

அமிகா 500-க்கு?

கோடெக். ஃபிளாப்பி டிரைவுக்குப் பதிலாக மாட்டும் கருவி, அதே அளவிலேயே இருக்கும், முன்னால் யுஎஸ்பி துளை. கடையில் வரும்போது பீசிக்கான மென்பொருள்தான் அதில் இருக்கும், அமிகா அதைப் புரிந்துகொள்ளாது. ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற இலவச மென்பொருளை ஏற்ற வேண்டும். அதையும் கிரீஸ்வீசல் செய்த அதே கீர் ஃபிரேசர்தான் எழுதினார். பிறகு 880 கிலோபைட் தட்டு ஒவ்வொன்றும் ஏடிஎஃப் கோப்பாக யுஎஸ்பி குச்சியில் இருக்கும்.

கோடெக்கின் பொத்தான்கள் அமிகா பெட்டியின் ஓட்டைக்குச் சரியாக வராது. அதற்காக அந்தப் பெட்டியை அறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாகிவிடும். அதற்கென்றே முப்பரிமாண அச்சில் எடுத்த சட்டங்கள் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் வெளி டிரைவாக மாட்டிக்கொள்ளலாம்.

வன்தட்டு போல வேண்டுமென்றால், 68000 செயலியைக் கழற்றி அதன் குழியில் உட்காரும் ஐடிஇ (வன்தட்டை இணைக்கும் முறை) அட்டையும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் போடலாம். ஆனால் அமிகாவுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருளான கிக்ஸ்டார்ட் 1.2 வன்தட்டிலிருந்து தானாகக் கிளம்பாது, 1.3 முதல்தான் கிளம்பும். அமிகா 600, 1200 இரண்டிலும் ஐடிஇ உள்ளேயே இருக்கிறது. 1200-இல் 8 மெகாபைட் நினைவகம் கூட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய அட்டைகள் பலவற்றில் 4 மெகாபைட்டைத் தாண்டினால் பக்கவாட்டுப் பிசிஎம்சிஐஏ துளை வேலை செய்யாது. நெட்வொர்க் அட்டை அங்கேதான் மாட்ட வேண்டும். எத்தனையோ பேர் அட்டை பழுதென்று நினைத்து இரண்டாவது அட்டை வாங்கியிருக்கிறார்கள்.

ஆப்பிள் நகல் கணினியில் அட்டை மாற்றும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மின்சாரத்தை நிறுத்தாமல் எந்த அட்டையையும் தொடாதீர்கள். டிரைவின் 20 முள் பட்டைக் கேபிளை ஒரு வரிசை தள்ளிச் சொருகினால் டிரைவுக்குள் இருக்கும் 74எல்எஸ்125 சில்லு போய்விடும். மலிவான சில்லுதான், ஜாலான் பாசார் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மாற்றுவதற்குத்தான் ஒரு சனிக்கிழமை முழுவதும் போகும்.

அப்பாவின் எக்ஸ்டி பீசி. வன்தட்டு இன்னும் சுழல்கிறது. கார்டுக்கு மாற்ற வேண்டும்.

சுழல்கிறதென்றால் கொடுத்து வைத்தவர். அதை அடிக்கடி அணைத்துப் போடாதீர்கள். நான் செய்யும் வரிசை இது.

முதலில் நெட்வொர்க் அட்டை. எக்ஸ்டியில் 8 பிட் துளைகள்தான் உண்டு. என்இ1000 போன்ற 8 பிட் அட்டை கிடைத்தால் நல்லது. ரியல்டெக் 8019 சில்லு உள்ள சில 16 பிட் அட்டைகளும் சரியான டிரைவர் இருந்தால் அங்கே ஓடும். அந்த அட்டையை இயக்கும் பேக்கெட் டிரைவரையும் எம்டிசிபி தொகுப்பையும் 360 கிலோபைட் தட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எம்டிசிபி என்பது மைக்கேல் பிரட்மன் எழுதி இலவசமாகத் தரும், டாஸுக்கான இணைய மென்பொருள் தொகுப்பு, எக்ஸ்டியின் 8088 செயலியிலும் ஓடும். அதில் கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி சர்வர் ஒன்று இருக்கிறது. அப்பாவின் பீசியை சர்வராக்கிவிட்டு, மடிக்கணினியிலிருந்து வன்தட்டு முழுவதையும் இழுத்துக்கொள்ளலாம். பழைய தட்டில் ஒரு எழுத்துகூட எழுத வேண்டியதில்லை.

பிரதி கைக்கு வந்து, திறந்து பார்த்து, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே எக்ஸ்டி-ஐடிஇ பயாஸ் (பழைய பீசியை ஐடிஇ தட்டோடு பேசவைக்கும் தொடக்க மென்பொருள்) உள்ள காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையைப் போடுங்கள். 286, 386 வைத்திருப்பவர்களுக்கு அழகான வழி ஒன்று உண்டு. நெட்வொர்க் அட்டையில் காலியாக இருக்கும் ரோம் குழி, அதாவது பூட் ரோமுக்கான இடம், எக்ஸ்டி-ஐடிஇ பயாஸை எழுதிய 8 கிலோபைட் சில்லுக்கு அப்படியே பொருந்தும். ஒரே அட்டையில் நெட்வொர்க்கும் வந்துவிடும், பெரிய தட்டுக்கான வழியும் திறந்துவிடும். பெட்டிக்குள் வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

32 ஜிகாபைட் கார்டு போடலாமா?

போடலாம், பயன் இல்லை. அந்தக் காலத்துப் பயாஸ் 1024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டர் வரைதான் எண்ணும். பெருக்கினால் 504 மெகாபைட். டாஸ் 3.3 ஒரு பிரிவுக்கு 32 மெகாபைட்டோடு நின்றுவிடும். டாஸ் 6.22-இல் ஒரு பிரிவு 2 ஜிகாபைட் வரை போகும். ஆப்பிளின் புரோடாஸிலும் ஒரு தொகுதி 32 மெகாபைட்தான். சிறிய கார்டு தேடி வாங்குங்கள். அப்பாவின் வன்தட்டு 20 மெகாபைட்டாக இருந்திருக்கும், அதையே அவர் நிரப்பியிருக்க மாட்டார்.

வைஃபை எப்படி வரும்?

இரண்டு வழி. ஈதர்நெட் அட்டை உள்ள கணினிக்கு, பயணத்துக்கு எடுத்துப் போகும் சின்ன ரௌட்டர் ஒன்றை வாங்கி, வீட்டு வைஃபையைப் பிடித்து ஈதர்நெட் வயரில் கொடுக்கும்படி அமைத்துவிடுங்கள். பழைய கணினிக்கு வைஃபை கடவுச்சொல் என்ற ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம்.

மற்றதற்கு வைஃபை மோடம். இஎஸ்பி8266 என்ற சின்ன சில்லு பழைய டெலிபோன் மோடம் போல நடிக்கும். ஏடிடிடி (ATDT) என்ற டயல் கட்டளையைத் தட்டி, போன் நம்பருக்குப் பதிலாக ஒரு முகவரியைக் கொடுத்தால் அங்கே இணைத்துவிடும். கமடோரில் பின்பக்க யூசர் போர்ட்டில் மாட்டும் வகை கிடைக்கிறது. பீசியின் சீரியல் துளைக்கு வேறு வகை: அங்கே மின்னழுத்தம் மேலும் கீழும் 12 வோல்ட் வரை போகும், நடுவே மேக்ஸ்3232 சில்லு உள்ள அட்டைதான் வேண்டும். மாற்றி மாட்டினால் மோடம் எரியும்.

"வைஃபை பெயரே தெரியவில்லை" என்று போன் வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். இந்தச் சில்லுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும். ரௌட்டரில் அதற்குத் தனிப் பெயர் வையுங்கள்.

அட்டாரி 8 பிட் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் படிக்க வேண்டாம். ஃபுஜிநெட் வாங்குங்கள். தட்டு, மோடம், கடிகாரம், பிரிண்டர் எல்லாம் ஒரே கருவியில். அச்சடிக்கச் சொன்னால் பிடிஎஃப் கோப்பாகத் தரும். இந்தத் துறையில் நான் பார்த்த மிக அழகான வேலை அது.

வாட்ஸ்அப், யூடியூப் வருமா?

வராது. இன்றைய தளங்களின் குறியாக்கக் கணக்கைப் போட அந்தச் செயலிக்குச் சக்தி போதாது. வீட்டுக்குள் கோப்பு அனுப்புவது, டெல்நெட் வழியே பேசும் பழைய மாதிரி அறிவிப்புப் பலகைகளுக்குப் போவது, நேரம் சரிசெய்வது, இவை நன்றாக வரும். ரௌட்டரில் வெளியிலிருந்து உள்ளே வரும் கதவைத் திறந்துவிடாதீர்கள். அந்த எஃப்டிபி சர்வரில் கடவுச்சொல் மறைக்கப்படாமல்தான் போகும்.

எடுத்த கோப்பில் தமிழ் வரவில்லை. கன்னாபின்னாவென்று குறிகள் தெரிகின்றன.

பதறாதீர்கள், அழித்தும் விடாதீர்கள். முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு என்ற தமிழ் மென்பொருள் தொடங்கி, திஸ்கி என்ற எழுத்துக் குறியீடு வந்து, யூனிகோடு பரவும் வரை ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்தது. 8 பிட் குறியீடுகளில் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் 127-க்கு மேற்பட்ட எண்களில் உட்கார்ந்திருக்கும். எந்தக் குறியீடு என்று கண்டுபிடித்தால் மாற்றிவிடலாம். ஆனால் அதற்கு எண்கள் அப்படியே வந்திருக்க வேண்டும்.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். என் மாமாவின் எக்ஸ்டியில் ஒரு கோயில் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியல் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள், ஐந்து வெள்ளி (ரிங்கிட்), பத்து வெள்ளி என்று பெயர் பெயராக மாமா தட்டச்சு செய்தது. சீரியல் கேபிளில் 7 பிட், ஈவன் பாரிட்டி என்று இருந்த அமைப்பை மாற்றாமல் இழுத்துவிட்டேன். ஒவ்வொரு எழுத்தின் எட்டாவது பிட்டும் உதிர்ந்துவிட்டது. தொகைகள் சரியாக வந்தன, பெயர்கள் வரவில்லை. கோப்பு வந்துவிட்டது என்று நினைத்து வன்தட்டையும் அன்றே துடைத்திருந்தேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. நினைவில் இருந்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார், அறுபதுக்கு மேல் அவருக்கு வரவில்லை.

அதனால் சீரியலில் எடுத்தால் 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். எஃப்டிபியில் எடுத்தால் பைனரி முறை. யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள்.

சாமான்கள் எங்கே வாங்குவது?

இணைப்பிகள், மேக்ஸ்3232, பட்டைக் கேபிள் எல்லாவற்றுக்கும் புடு பக்கம் ஜாலான் பாசார். சில்லின் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள், கடை அங்கிளுக்கு விளக்கம் தேவையில்லை, எண் போதும். கார்டும் யுஎஸ்பி குச்சியும் லோ யாட் கணினிக் கடை வளாகத்தில். பழைய கணினியே வேண்டுமென்றால் பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். எஸ்டி2ஐஇசி, கிரீஸ்வீசல் போன்றவை வெளிநாட்டிலிருந்துதான் வரும். 500 வெள்ளிக்கு உட்பட்ட இணையப் பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, கணக்கில் வையுங்கள்.

இடி மின்னல்?

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. ஈதர்நெட் வயரையும் பிடுங்குங்கள், மின்னல் அதன் வழியாகவும் வரும். இங்கே மாலை நாலு மணிக்கு மேல் வானம் இருட்டினால் நான் வேலையை நிறுத்திவிடுவேன்.

உள்ளே சில்லுகளில் 'மலேசியா' என்று அச்சடித்திருக்கிறதே?

ஆமாம். இன்டெல் 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து வந்த சிலிக்கான் துண்டுகளுக்குக் கால்கள் வைத்து, மூடி, சோதித்து அனுப்பும் வேலை இங்கே நடந்தது. அப்படிப்பட்ட தொழிற்சாலைகளில் நம் வீட்டுப் பெண்களும் வேலை பார்த்தார்கள், நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி ஷிஃப்ட் ஷிஃப்டாக. ஒரு தம்பி தன் அம்மாவைக் கூட்டி வந்து போர்டைக் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

எல்லாம் முடிந்தது. கழற்றிய பழைய டிரைவை என்ன செய்வது?

கணினியோடு வையுங்கள். 5.25 அங்குல டிரைவ் என்றால் துளையில் ஓர் அட்டையைச் சொருகித் தாழ்ப்பாளை மூடுங்கள், தலை ஆடாது. வன்தட்டு என்றால் கழற்றும் முன்பே தலையை நிறுத்தும் பார்க் கட்டளையைக் கொடுத்திருக்க வேண்டும். திருகுகளை ஒரு சின்ன நெகிழிப் பைக்குள் போட்டு டிரைவிலேயே ஒட்டுங்கள். பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், மூடியில் தேதியும் யாருடைய கணினி என்பதும் பென்சிலில். எந்த ஜம்பர் எங்கே இருந்தது என்பதைப் போனில் படமெடுத்தால் மட்டும் போதாது, ஒரு தாளில் வரைந்து அதே டப்பாவுக்குள் வையுங்கள்.